கழற்றுமுன் அளந்து பாருங்கள்: கம்ப்ரசர் கேள்வி–பதில்

ஒரே இடத்தில் நிறுத்தி இயக்கப்படும் ஏர் கம்ப்ரசரின் பராமரிப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பத்தினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை, சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் வகையைப் பற்றியவை. ஒன்று, திருகு வடிவத் தண்டுகள் சுழன்று காற்றை அழுத்தும் ஸ்குரூ வகையைப் பற்றியது. பதில்களுக்குள் நுழையுமுன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு எவரும் போட்டுவிடாதபடி பூட்டி, டேங்க்கில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, கேஜ் முள் சுழியத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். அழுத்தம் குறைந்ததும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரைத் தானாகவே ஓடவிடும் என்பதால், அமைதியாக நிற்கும் கம்ப்ரசரின் பெல்ட்டில் விரல் வைப்பவர் தம் விரலைப் பணயம் வைக்கிறார்.

கேள்வி: வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 200 லிட்டர் டேங்க்குடன் கூடிய பெல்ட் கம்ப்ரசரை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். முன்பு விரைவாக நிரம்பிய டேங்க் இப்போது நிரம்ப வெகுநேரம் ஆகிறது. பிஸ்டன் ரிங்கை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: ரிங் தேய்ந்திருக்கவும் கூடும், ஆனால் அப்படி முடிவு செய்வதற்கான சான்று உங்கள் கடிதத்தில் இல்லை. ‘வெகுநேரம்’ என்பது எத்தனை விநாடி என்று அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். டேங்க்கிலிருந்து பட்டறைக்குக் காற்று செல்லும் வால்வை இறுக மூடுங்கள். கம்ப்ரசரை ஓடவிட்டு, கேஜ் முள் 6 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) 8 பாருக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். டேங்க்கின் கொள்ளளவை ஏறிய அழுத்தத்தால் பெருக்கி, அதற்கு ஆன நிமிடங்களால் வகுத்தால், இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளிக்காற்றை இழுத்து டேங்க்குக்குள் சேர்க்கிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். உங்கள் டேங்க்கில் 2 பார் ஏற 80 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 300 லிட்டர். 160 விநாடி ஆனால் 150 லிட்டர்.

இதைப் பெயர்ப்பலகையோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. பல இயந்திரங்களின் பலகையில் பொறிக்கப்பட்டிருப்பது பிஸ்டனின் அசைவைக் கொண்டு கணக்கிட்ட கொள்ளளவு. டேங்க்குக்கு உண்மையில் போய்ச் சேரும் காற்று அதைவிடக் குறைவு. சிலிண்டரின் தலைப்பகுதியில் எஞ்சும் இடைவெளி, சூடு, வால்வுகளின் தடை ஆகியவற்றால், நல்ல நிலையில் உள்ள சிறிய பிஸ்டன் கம்ப்ரசரே அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் தரும். எனவே பலகையில் 430 லிட்டர் என்றிருந்து, உங்கள் சோதனையில் 300 கிடைத்தால் இயந்திரம் நலமாகவே இருக்கிறது. கோளாறு வால்வுக்கு அப்பால் உள்ள குழாய்களில் இருக்கிறது.

அப்படியானால் கசிவைத் தேட வேண்டும். எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு வெளிவால்வைத் திறந்து வையுங்கள். கம்ப்ரசர் தானாக ஓடும் நேரத்தையும் நின்றிருக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நின்றால், இயந்திரம் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு யாருக்கும் பயன்படாமல் போகிறது என்று பொருள். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஓட்டை நிமிடத்துக்கு 600 லிட்டருக்கும் மேல் காற்றை வெளியே விடும். அதாவது உங்கள் கம்ப்ரசரைப் போன்ற இரண்டு சேர்ந்து ஓடினாலும் அந்த ஓட்டைக்கே ஈடு கட்ட முடியாது. இணைப்புகள், ஹோஸ் கிளிப்புகள், ரெகுலேட்டர், விரைவு இணைப்பான்கள் ஆகிய எல்லாவற்றிலும் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிப் பாருங்கள்.

வால்வை மூடிச் செய்த சோதனையிலேயே அளவு குறைந்திருந்தால், எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, தூசி இல்லாத நேரத்தில் அதே சோதனையை ஒரு முறை செய்யுங்கள். நேரம் குறைந்தால் ஃபில்டரே குற்றவாளி. பெல்ட்டின் அடியில் கருந்தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது. அடுத்து, இயந்திரம் ஓடும்போது காற்று உள்ளே போகும் வாயருகே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று உள்ளே இழுக்கப்படுவது மட்டுமே தெரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வெளியேயும் ஊதினால் உள்வால்வுத் தட்டு சரியாக அமரவில்லை. ரிங் தேய்ந்த இயந்திரம் இவற்றிலிருந்து வேறுபட்ட அடையாளம் காட்டும்: பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய் நிற்கும் க்ராங்க் கேஸின் மூச்சுத் துளையான பிரீதர் வழியாக எண்ணெய்ப் புகையோடு காற்று பலமாக வரும், எண்ணெய் மட்டம் வாரந்தோறும் இறங்கும், டேங்க்கிலிருந்து வடிக்கும் நீரில் எண்ணெய் மிதக்கும். இந்த மூன்றும் இருந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. எனக்குத் தெரிந்தவரை, ரிங்குக்காகத் திறக்கப்படும் கம்ப்ரசர்களில் பலவற்றுக்கு வால்வுத் தட்டைச் சுத்தம் செய்திருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

கேள்வி: மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து ‘உஸ்’ என்று காற்று வந்துகொண்டே இருக்கிறது. புதிய சுவிட்ச் வாங்கிப் பொருத்தியும் நிற்கவில்லை. ஏன்?

பதில்: சுவிட்சை மாற்றியது வீண் செலவு, அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. மோட்டார் நிற்கும்போது அன்லோடர் என்னும் சிறிய வால்வு திறந்து, கம்ப்ரசரின் தலைக்கும் டேங்க்குக்கும் இடையிலுள்ள குழாயில் அடைபட்ட காற்றை வெளியே விட வேண்டும். அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் புறப்படுவதற்காகவே இந்த ஏற்பாடு. இரண்டு மூன்று விநாடிகள் காற்று வந்து நின்றுவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. நிற்காமல் வந்தால், டேங்க்கின் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு மூடவில்லை என்றும், டேங்க்கில் சேர்ந்த காற்றே திரும்பி வந்து அன்லோடர் வழியாகப் போகிறது என்றும் பொருள். டேங்க்கைக் காலி செய்துவிட்டு அந்த வால்வைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கரித்துணுக்கு ஒன்று வால்வுத் தட்டு அமரும் இடத்தில் சிக்கியிருக்கும், அல்லது வால்வின் ரப்பர் தட்டு சூட்டில் கெட்டியாகி வெடித்திருக்கும். துணுக்கு மட்டுமே என்றால் சுத்தம் செய்து பொருத்தலாம்; தட்டு கெட்டிருந்தால் வால்வையே மாற்றுங்கள்.

மோட்டார் ஓடும்போது காற்று வந்து, நின்றபின் வராமல் இருந்தால் அது வேறு நோய். அப்போதுதான் அன்லோடரைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: காலையில் முதல் முறை நன்றாகப் புறப்படும் மோட்டார், பிறகு ஒவ்வொரு முறையும் ‘ம்ம்’ என்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. ஓவர்லோடு ரிலே விழுகிறது. ரிலேயின் அளவைக் கூட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ரிலே விழுவதால்தான் உங்கள் மோட்டாரின் சுற்றுகள் இன்னும் கருகாமல் இருக்கின்றன. காலையில், டேங்க்கிலும் தலைக்குழாயிலும் அழுத்தம் இல்லாதபோது புறப்படுகிறது. அழுத்தம் இருக்கும்போது புறப்பட மறுக்கிறது. இந்த ஒரு விவரத்தை நீங்கள் கவனித்து எழுதியதால் காரணத்தைப் பெரும்பாலும் இங்கிருந்தே சொல்லிவிடலாம்: மோட்டார் நிற்கும்போது அன்லோடர் திறக்கவில்லை. நின்றவுடன் அந்தச் சிறிய ‘புஸ்’ ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால், அன்லோடருக்குச் செல்லும் மெல்லிய குழாய் கரியால் அடைத்திருக்கலாம், அல்லது சுவிட்சின் நெம்பு அன்லோடரின் ஊசியைத் தொடாமல் விலகியிருக்கலாம்.

டேங்க் காலியாக இருந்தும் உறுமுகிற மோட்டார்களுக்கு மின்சாரமே காரணம். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கும். மின்னழுத்தத்தை போர்டில் அளந்து திருப்தி அடைந்துவிடாதீர்கள். மோட்டாரின் முனைகளில், அது புறப்பட முயலும் அந்த நொடியில், மின் பணியாளரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். நீண்ட, மெல்லிய ஒயர் வழியாக மின்சாரம் வந்தால், நிற்கும்போது சரியாகக் காட்டும் மீட்டர் புறப்படும்போது வெகுவாகச் சரியும். கம்ப்ரசரை எக்ஸ்டென்ஷன் ஒயரில் இயக்குவதைவிட, அதை மெயினுக்கு அருகே வைத்துக் காற்றுக்குழாயை நீட்டுவது எப்போதும் நல்லது.

கேள்வி: மழைக்காலத்தில் ஸ்பிரே கன்னில் தண்ணீர்த் துளி வந்து வண்ணத்தைக் கெடுக்கிறது. டேங்க்கைத் தினமும் வடிக்க வேண்டும் என்கிறார்கள். காற்றிலிருந்து அவ்வளவு தண்ணீரா வந்துவிடும்?

பதில்: வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதில் 21 கிராம் இருக்கிறது. அந்தக் காற்றை 7 பாருக்கு அழுத்தினால் அதன் கன அளவு எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது (கேஜ் காட்டும் 7 பாரோடு வெளிக்காற்றின் 1 பாரும் சேர்கிறது). காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அது நிரம்பியிருக்கும் இடத்தையும் வெப்பநிலையையும் பொறுத்ததே; ஆகவே சுருங்கிய அந்தக் காற்று மீண்டும் 30 பாகைக்குக் குளிரும்போது 4 கிராமுக்கும் குறைவாகவே நீராவியாக வைத்துக்கொள்ள முடியும். மீதி 17 கிராம் தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 300 லிட்டர் தரும் கம்ப்ரசர் மணிக்கு 18 கனமீட்டர் காற்றை இழுக்கிறது. அப்படியானால் மணிக்கு 300 கிராம், 8 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் இரண்டு லிட்டருக்கும் மேல் தண்ணீர். காற்று ஈரம் நிறைந்து நிற்கும் மழைநாளில் இது இன்னும் கூடும்.

எனவே டேங்க்கைத் தினமும் வடிப்பது கட்டாயம். வேலை முடிந்ததும், சிறிது அழுத்தம் மிச்சமிருக்கும்போதே ட்ரெயின் வால்வை மெதுவாகத் திறந்து, தண்ணீர் நின்று வெறும் காற்று வரும் வரை விடுங்கள். வடித்த நீரில் எண்ணெய் கலந்திருக்கும் என்பதால் அதை மண்ணிலோ சாக்கடையிலோ விடாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்து, பழைய எண்ணெயோடு சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும்.

ஆனால் வடித்துவிட்டால் கன்னில் நீர் வருவது நின்றுவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன். டேங்க்கிலிருந்து வெளியேறும் காற்று பெரும்பாலும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். குழாயில் போகப்போகக் குளிர்ந்து அங்கேயும் நீரைக் கக்கும். கம்ப்ரசரின் வாயிலேயே ஈரப்பிரிப்பானைப் பொருத்துவது பலர் செய்யும் தவறு. சூடான காற்றில் நீர் இன்னும் ஆவியாக இருப்பதால் அது அங்கே பிடிபடாது. சில மீட்டர் குழாய் ஓடிக் குளிர்ந்த பிறகு, கன்னுக்கு அருகே பொருத்துங்கள். முதன்மைக் குழாய் காற்று ஓடும் திசையில் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரிந்து, கடைசியில் ஒரு வடிகாலில் முடிய வேண்டும். கிளைக் குழாய்களை அதன் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள்; அடிப்புறத்திலிருந்து எடுத்தால் குழாயில் ஓடும் நீரெல்லாம் நேராகக் கன்னுக்கு வந்து சேரும். இவ்வளவும் செய்த பிறகும் வண்ணம் கெடுகிறது என்றால், குளிரூட்டி வகை டிரையர் ஒன்றே வழி. அது காற்றை 3 பாகை அளவுக்குக் குளிர்வித்து நீரைப் பிரித்துவிடும்.

கேள்வி: டேங்க்கின் அடியில் ஊசிமுனை அளவு துளை விழுந்து காற்று கசிகிறது. வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். சரியா?

பதில்: தவறு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை: அந்த டேங்க்கை இன்றே நிறுத்துங்கள், இனி ஒருபோதும் அதில் காற்று ஏற்றாதீர்கள்.

துளை வெளியிலிருந்து விழவில்லை. அடியில் தேங்கிய நீர் ஆண்டுக்கணக்கில் உட்புறத்தை அரித்து, தகட்டை மெலிய வைத்து, மிகவும் மெலிந்த ஒரு புள்ளியில் வெளியே வந்திருக்கிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு, ஒருவேளை டேங்க்கின் நீளம் முழுவதற்குமே, தகடு காகிதம்போல் ஆகியிருக்கக்கூடும். அதன் மீது வெல்டிங் வைத்தால் மெலிந்த தகட்டின் விளிம்பில் புதிய இறுக்கத்தையும் வெடிப்பையும் உண்டாக்குகிறோம். கசிவு நின்றுபோவதால் எச்சரிக்கையும் நின்றுபோகிறது. அந்த ஊசித்துளை உங்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு. அதை அடைத்துவிட்டால் அடுத்த முறை டேங்க் கசியாது, கிழியும். 200 லிட்டர் டேங்க்கில் 8 பாரில் அடைபட்டிருக்கும் காற்று திடீரென விரியும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையை ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடப் போதுமானது. அது நடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் உங்கள் பணியாளராகவோ பிள்ளையாகவோ இருக்கலாம்.

துளை விழாத டேங்க் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். தகட்டின் தடிமனை வெளியிலிருந்தே மீயொலிக் கருவியால் அளந்துவிடலாம். அடிப்பகுதியில் பல இடங்களில் அளந்து, டேங்க்கோடு வந்த சான்றிதழில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். அழுத்தச் சோதனையைத் தகுதி பெற்றவரைக் கொண்டு தண்ணீரால்தான் செய்ய வேண்டும். தண்ணீர் சுருங்காது என்பதால், சோதனையில் டேங்க் விட்டுக்கொடுத்தாலும் நீர் பீறிடுவதோடு முடிந்துவிடும். காற்றால் சோதிப்பது சோதனையையே விபத்தாக்கிவிடும். சேஃப்டி வால்வின் வளையத்தை, கையேடு சொல்லும் இடைவெளியில், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்து, அது திறந்து மூடுவதை உறுதி செய்யுங்கள். அதற்கும் டேங்க்குக்கும் இடையில் எந்த அடைப்பு வால்வும் இருக்கவே கூடாது. டேங்க்கின் கால்களையும் பாருங்கள்: சமமில்லாத தரையில் வைத்து போல்ட்டை முறுக்கி இறுக்கினால், அதிர்வில் கால் பற்றிய இடத்திலேயே தகடு வெடிக்கும். முதலில் தகட்டுத் துண்டு செருகி மட்டம் சரிசெய்துகொண்டு, பிறகே இறுக்க வேண்டும்.

கேள்வி: கம்ப்ரசருக்கு வண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் என்ன?

பதில்: இயந்திரத்தின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஊற்றலாம், இல்லையென்றால் கூடாது. எஞ்சின் எண்ணெயில் அழுக்கையும் நீரையும் தன்னோடு மிதக்கவைத்துக்கொள்ளும் சேர்ப்புப் பொருள்கள் உண்டு. எஞ்சினில் அந்த அழுக்கைப் பிடிக்க ஆயில் ஃபில்டர் இருக்கிறது. சிறிய பிஸ்டன் கம்ப்ரசரில் பெரும்பாலும் ஃபில்டர் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள அகப்பை எண்ணெயை வாரி இறைப்பதே அதன் மசகு ஏற்பாடு. அங்கே அழுக்கும் நீரும் தனியே படிந்துவிடுவதுதான் நல்லது. எண்ணெயோடு கலந்து சுற்றிக்கொண்டிருந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். மேலும், அந்தச் சேர்ப்புப் பொருள்கள் 150 பாகையைத் தாண்டும் வெளிவால்வில் கெட்டியான கரியாகப் படிகின்றன. வால்வு மூடாமல் போவது அதன் முதல் விளைவு. சூடான காற்று மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டுச் சூடு மேலும் ஏறுவது அடுத்தது. கவனிக்காமல் விட்டால் வெளிக்குழாயில் படிந்த கரியே தீப்பற்றிக்கொள்ளும். பெட்ரோலை வைத்துக் கரியைக் கழுவுவதை எங்காவது பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

கம்ப்ரசருக்கென்று விற்கப்படும் எண்ணெயையே வாங்குங்கள். பிஸ்டன் வகைக்குப் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100, குளிர்ந்த இடங்களில் 68 என்று கையேட்டில் இருக்கும்; எண்ணெய் எவ்வளவு கெட்டியானது என்பதைக் குறிக்கும் எண் அது. புதிய இயந்திரத்தில் முதல் மாற்றம் ஏறத்தாழ 50 மணி நேரத்தில் வந்துவிட வேண்டும். தேய்ந்து பொருந்தும்போது உதிரும் உலோகத்தூள் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. பிறகு கையேடு சொல்லும் இடைவெளியில் மாற்றினால் போதும். மட்டம் கண்ணாடியின் நடுவில் நிற்கட்டும். அதிகம் ஊற்றினால் அந்த எண்ணெய் காற்றோடு டேங்க்குக்குப் போய்விடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே ஓடி, சூடேறுவதற்குள் நின்றுவிடும் கம்ப்ரசர்களில் இதை அதிகம் காணலாம். தேவைக்கு மிஞ்சிய பெரிய கம்ப்ரசரை வாங்கி வைப்பதன் தீமைகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: காற்றை இரண்டு சிலிண்டர்களில் அடுத்தடுத்து அழுத்தும் இரண்டு நிலை கம்ப்ரசரில், இடையிலுள்ள குளிர்விப்பானின் சேஃப்டி வால்வு அடிக்கடி வெடித்து ஊதுகிறது. வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கினால் நின்றுவிடுமா?

பதில்: ஊதுவது நின்றுவிடும், நோய் நிற்காது. முதல் சிலிண்டர் தரும் காற்றை இரண்டாம் சிலிண்டர் முழுவதும் எடுத்துக்கொள்ளாதபோதுதான் இடையில் அழுத்தம் ஏறுகிறது. எனவே இரண்டாம் நிலையான சிறிய சிலிண்டரின் வால்வுகளைத் திறந்து பாருங்கள். தட்டு உடைந்தோ, கரி படிந்தோ, கேஸ்கட் ஊதியோ இருக்கும். 12 பார் வரை செல்லும் இயந்திரத்தில் இடை அழுத்தம் பொதுவாக 2 முதல் 3 பாருக்குள் இருக்க வேண்டும். அது அதற்கு மேல் போனால் சிறிய சிலிண்டரின் வால்வையும், அதற்குக் கீழே தங்கிவிட்டால் பெரிய சிலிண்டரின் வால்வையும் சந்தேகிக்க வேண்டும். குளிர்விப்பானில் கேஜ் இல்லையென்றால் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். இரண்டு நிலை கம்ப்ரசரில் இவ்வளவு தெளிவாகப் பேசும் கருவி வேறொன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையின் 37 கிலோவாட் ஸ்குரூ கம்ப்ரசர் பிற்பகலில் ‘உயர் வெப்பம்’ என்று காட்டி நின்றுவிடுகிறது. காலையில் தொல்லை இல்லை. எண்ணெய் மாற்றியும் பயனில்லை.

பதில்: கம்ப்ரசர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த அறையில் நீங்கள் வைத்திருப்பது, பெரிய அடுப்புக்கு நிகரான ஒன்று. பிற்பகலில் மட்டும் நிற்பதால் முதலில் அறையையே பார்க்க வேண்டும். வெளியேறும் சூடான காற்று வெளியே போகாமல் சுற்றி வந்து மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறதா? காற்று நுழையும் இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலையிலும் பிற்பகலிலும் குறித்து, அதே நேரங்களில் வெளியே நிழலில் உள்ள வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். அறைக்குள் பத்துப் பாகை அதிகம் என்றால் தீர்வு கம்ப்ரசரில் இல்லை, சுவரில் இருக்கிறது: சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் தகட்டுக் குழாய் வேண்டும்.

அறை சரியாக இருந்தால் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு வாருங்கள். ஸ்குரூ இயந்திரத்தில் எண்ணெய் கலந்த காற்றின் வெப்பம் பெரும்பாலும் 75 முதல் 95 பாகைக்குள் இருக்கும்; ஏறத்தாழ 110 பாகையில் பாதுகாப்பு நிறுத்திவிடும். குளிர்விப்பானுக்குள் நுழையும் குழாயையும் வெளிவரும் குழாயையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், எண்ணெய் ஓடுகிறது, ஆனால் வெப்பம் வெளியேறவில்லை. இதழ்களில் தூசியும் எண்ணெய்ப் பசையும் அடைத்திருக்கும்; மின்விசிறி காற்றை ஓட்டும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மாறாக, இயந்திரம் கொதிக்கும்போது குளிர்விப்பான் மட்டும் குளிர்ந்திருந்தால், எண்ணெய் அங்கே போகவே இல்லை. தெர்மோஸ்டாட் வால்வு சிக்கியிருக்கும், அல்லது ஆயில் ஃபில்டர் அடைத்திருக்கும்.

எண்ணெய் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய எண்ணெய் எந்த வகையோ அதே வகையை ஊற்றினீர்களா? இரு வேறு வகைகள் கலந்தால் பசையாகத் திரண்டு குளிர்விப்பானின் உட்புறத்தையே அடைக்கக்கூடும். இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தம் இறங்கிச் சில நிமிடங்கள் ஆன பிறகே மட்டத்தைப் பாருங்கள். ஓடும்போது தெரியும் மட்டத்தை நம்ப வேண்டாம். வேலை தடைபடுகிறது என்பதற்காக வெப்பப் பாதுகாப்பை யாரேனும் இணைப்பு மாற்றி ஓட்டச் சொன்னால், கேட்காதீர்கள்.

கேள்வி: தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயையே காற்றுக்கும் போடலாமா? அழுத்தம் தாங்கும் என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

பதில்: போடக் கூடாது. அச்சிட்டிருப்பது தண்ணீருக்கான அளவு. காற்று நிரம்பிய பி.வி.சி. குழாய் அடிபட்டோ மூப்பினாலோ உடைந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறிப் பாயும். கம்ப்ரசர் தரும் சூடும் எண்ணெயும் அதை இன்னும் விரைவில் நொய்யச் செய்யும். இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றில் ஒன்றையோ, அழுத்தக் காற்றுக்கென்றே தயாரித்துச் சான்றளிக்கப்பட்ட பிளாஸ்டிக் குழாயையோ பயன்படுத்துங்கள்.

கேள்வி: புதிய பெல்ட் போட்ட நாளிலிருந்து ‘டக் டக்’ என்று தட்டும் ஓசை கேட்கிறது. பேரிங் போய்விட்டதோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: பெல்ட்டுக்குப் பிறகு தொடங்கிய ஓசை என்பதால், அப்போது கை பட்ட இடங்களையே முதலில் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். க்ராங்க் தண்டு அசையாமல் ஃபிளைவீல் மட்டும் சிறிது ஆடினால், சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவி என்னும் உலோகத் துண்டு தளர்ந்திருக்கிறது. மோட்டார் புல்லியையும் இவ்வாறே பார்த்து, இரண்டின் முகமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துச் சரிபாருங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் இறுக்கம் மிகுதி. அந்த இழுவை இரு பக்கத்துப் பேரிங்குகளிலும் விழும், அப்படியே விட்டால் உங்கள் அச்சம் சில மாதங்களில் உண்மையாகவும் ஆகிவிடும். இரண்டு பெல்ட் ஓடும் இயந்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால், புதியதே சுமை முழுவதையும் ஏற்கும்; இரண்டையும் ஒருசேர மாற்றுங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஓசை தொடர்ந்தால், டேங்க்கைக் காலியாக வைத்துச் சிறிது நேரம் ஓட்டிக் கேளுங்கள். காலியாக ஓடும்போது மறைந்து, அழுத்தம் ஏற ஏற வலுக்கும் தட்டல், கனெக்டிங் ராடின் பேரிங்கிலோ பிஸ்டன் பின்னிலோ இருந்து வருகிறது. அப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.